பூனைவணங்கி

குப்பைமேனியின் மற்றொரு பெயர் பூனைவணங்கி. அறிவியல் பெயர் அகாலிஃபா இண்டிகா. ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்த ஓராண்டுச் செடி. மழைக்குப் பின் குப்பைமேட்டிலும் வேலியோரத்திலும் பூந்தொட்டியிலும் தானே முளைக்கும். கதிரில் கிண்ணம் போன்ற பச்சைச் செதில்கள் அடுக்கடுக்காக நிற்பது இதன் அடையாளம்.

வணங்கி என்பது காரணப் பெயர். மண்ணில் நிற்கும் செடியைப் பூனை பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. களை பறித்து வேரோடு போட்டுவிட்டால் தேடி வந்து வேரை முகரும், நக்கும், கடிக்கும். தலையைத் தரையில் தேய்த்துப் புரளும். இதைப் பார்த்துப் பெயரிட்டவர்களின் கூர்மை வியக்கத்தக்கது. மலையாளத்திலும் இது பூச்சமயக்கி, அதாவது பூனையை மயக்குவது. காட்டுப்பூனையாகத் திரியும் வளர்ப்பினப் பூனைகளைக் கட்டுப்படுத்த ஆஸ்திரேலியாவின் கிறிஸ்துமஸ் தீவில் இச்செடியைத் தூண்டிலாகப் பயன்படுத்தலாமா என்று ஆராய்ந்தார்கள். அதையொட்டி, வேரிலுள்ள ஐசோடைஹைட்ரோநெப்பெட்டாலாக்டோன், ஐசோஇரிடோமிர்மெசின் என்ற இரு பொருள்களே பூனையை ஈர்ப்பவை என 2016இல் கண்டறியப்பட்டது. மேலை நாடுகளில் பூனைக்காக வளர்க்கப்படும் கேட்னிப் செடியின் மணப்பொருளுக்கு இவை உறவானவை. ஆகவே புரளல் நஞ்சின் அறிகுறி அன்று. மணம் தந்த மயக்கம்.

ஆனால் பூனைக்குப் பிடித்தது என்பதாலேயே அதற்கு ஏற்றது என்று கொள்ள முடியாது. குப்பைமேனியில் அகாலிஃபின் என்ற, சயனைடு வெளிவிடக்கூடிய பொருள் உண்டு. இச்செடி முயல்களின் இரத்தத்தைக் கரும்பழுப்பாக்கியதும் பதிவாகியுள்ளது. இலங்கையில் இதன் இலையைக் கஞ்சியில் சேர்த்து உட்கொண்டவர்களில், ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ள சிலருக்குச் சிவப்பணுக்கள் சிதைந்ததை மருத்துவர்கள் 1990களில் எழுதியிருக்கிறார்கள். பூனையை நினைத்துக் கவலைப்பட வேண்டிய இடம் இதுதான். பூனையின் ஹீமோகுளோபின் எளிதில் ஆக்சிஜனேற்றத்துக்கு ஆளாவது. வெங்காயமும் பாராசிட்டமாலும் பூனைக்கு ஆகாததற்கு இந்தப் பலவீனம் ஒரு முக்கியக் காரணம்.

வீடுகளில் நேரும் பெரிய தவறு வேறொன்று. சொறி சிரங்குக்குக் குப்பைமேனி இலையை மஞ்சளும் உப்பும் சேர்த்து அரைத்துப் பூசுவது நம் கைவைத்தியம். மனிதத் தோலுக்கான இதைப் பூனையின் படைக்கும் பூசிவிடுகிறார்கள். பூனையோ உடம்பை ஓயாமல் நக்கிக்கொண்டே இருக்கும் பிராணி. பூசியதில் பெரும்பகுதி வயிற்றுக்குள் போய்விடும். இதை ஒருபோதும் செய்யலாகாது.

தோட்டத்தில் நிற்கும் செடியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பிடுங்கிய செடியை மட்டும் பூனைக்கு எட்டும்படி விடாமல் உடனே அகற்ற வேண்டும். பூனை இலையையோ வேரையோ தின்றுவிட்டு வாந்தி எடுத்தால், ஈறு வெளுத்தோ பழுப்பேறியோ இருந்தால், மேல்மூச்சு வாங்கினால், அல்லது சிறுநீர் கருத்து இறங்கினால், மறுநாள்வரை காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். தின்ற செடியில் ஒரு கொத்தை உறையிலிட்டு உடன் எடுத்துச் செல்வது மருத்துவருக்கு உதவும்.