துடிப்பு அடங்கியது, உயிர் நிற்கவில்லை



"எனக்குக் கேட்டது, உங்களுக்கும் கேட்கும்" என்று நம் குடும்பக் குழுவில் ஒருவர் ஒரு மாத்திரையின் பெயரைப் போட்டிருந்தார். எனக்கு இரண்டு பழைய கதைகள் நினைவுக்கு வந்தன.

1912-இல் நாடி தாறுமாறாக ஓடிய ஒரு டச்சு வணிகர், வெங்கபாக் என்ற பெரிய இதய மருத்துவரிடம் வந்தார். இதைச் சரிசெய்ய வழியில்லை என்றார் மருத்துவர். நானே சரிசெய்து காட்டுகிறேன் என்று போன வணிகர், மறுநாள் சீரான நாடியோடு வந்து நின்றார். சாப்பிட்டது ஒரு கிராம் கொயினா. ஆம், மலேரியாவுக்குக் கொடுக்கும் அதே கொயினாதான்! 1918-இல் வால்டர் ஃப்ரை என்பவர், அதே சின்கோனா பட்டையிலுள்ள குயினிடின் இதற்கு இன்னும் வலுவானது என்று கண்டார். ஒரு நோயாளியின் அனுபவம் மருத்துவத்துக்கே வழிகாட்டியது.

அடுத்த கதை நேர் எதிர். மாரடைப்பில் பிழைத்தவர்களுக்கு நடுநடுவே தப்புத் துடிப்புகள் வந்தால், திடீர் மரண ஆபத்து அதிகம். துடிப்பை அடக்கினால் உயிர் நிற்கும் என்று 1980-களில் பலரும் நம்பினார்கள். ஃபிளெகைனைடு, என்கைனைடு மாத்திரைகள் நன்றாகவே அடக்கின. ஈசிஜியில் கண்ணால் பார்க்கலாம்.

1987-இல் அமெரிக்காவில் 'காஸ்ட்' என்ற ஆய்வு தொடங்கியது. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. நல்ல மருந்து இருக்க வெற்று மாத்திரையா என்று ஆட்சேபித்த மருத்துவர்களும் உண்டு. 1989 ஏப்ரலில் இவ்விரு மருந்துகளையும் பாதியிலேயே நிறுத்தினார்கள். மருந்து பெற்ற 755 பேரில் 63 பேர் இறந்திருந்தனர். வெற்று மாத்திரை பெற்ற 743 பேரில் 26 பேர்தான்.

இந்த மருந்துகள் இதயத்தில் மின்னோட்டம் பரவும் வேகத்தைக் குறைப்பவை. தழும்பு விழுந்த இதயத்தில் அதுவே உயிர்பறிக்கும் துடிப்புக்கு வழிவிட்டது.

மருத்துவர்கள் ஈசிஜியில் பார்த்தது பொய்யில்லை. அளந்தது ஒன்று, வேண்டியது வேறு. மார்க் ஏறுவதெல்லாம் அறிவு ஏறுவதாகாது என்று வகுப்பில் சொல்வேனே, அதேதான். அந்த வெற்று மாத்திரைக்காரர்கள் இல்லாவிட்டால் இந்தத் தவறு தெரிந்தே இருக்காது.

ஃபிளெகைனைடு இன்றும் பயன்படுகிறது. ஆனால் மாரடைப்பு வராத, அமைப்பில் பழுதில்லாத இதயங்களுக்கு. ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் தம் மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம், அடுத்தவர் மாத்திரையை வாங்கிப் போடவும் வேண்டாம். உங்கள் இதயத்தைப் பரிசோதித்த டாக்டரிடம் கேளுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.