180க்கு 50: ஓர் ஓட்டையின் வரலாறு

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில், கண்டமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டியவர்களுக்குத் தெரியும். அங்கே நிற்பது என்றால் கிட்டத்தட்ட குடியிருப்பதுதான். மேம்பாலம் வருவதற்கு முன் ஒரு சாயங்காலம் நானும் அப்படிக் குடியிருந்தேன். பக்கத்தில் ஒரு பழைய தனியார் பேருந்து, உள்ளே எண்பதுகளின் பாட்டு. அதே பாட்டை என் காரிலும் போட்டுப் பார்த்தேன். பேருந்தில் பேஸ் கிதார் தனியாக எழுந்து நடந்தது. என் காரில் தகர டப்பாவுக்குள் புளியங்கொட்டை உருண்டது. காருக்கு வயது ஒன்று, பேருந்துக்கு ஏறக்குறைய என் வயது. கேட் திறந்த பிறகும் அந்த அவமானம் போகவில்லை.

கம்பெனி கொடுப்பது ஒன்று, நாம் கேட்க விரும்புவது வேறொன்று. காரில் பாட்டு வந்த கதையே இந்த இடைவெளியில்தான் தொடங்குகிறது. 1930இல் சிகாகோவில் கால்வின் என்ற சிறு நிறுவனம், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கார்களில் பொருத்துவதற்கு ஒரு ரேடியோ செய்தது. அதன் உரிமையாளர் பால் கால்வின் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ரேடியோ உற்பத்தியாளர்கள் மாநாட்டுக்குத் தன் காரிலேயே போனார். உள்ளே கடை போடவில்லை. வெளியே காரை நிறுத்தி, ரேடியோவைச் சத்தமாக வைத்து ஆர்டர் பிடித்தார். அந்த ரேடியோவுக்கு அவர் வைத்த பெயர் மோட்டோரோலா. பிற்பாடு நிறுவனத்தின் பெயரே அதுவாகிவிட்டது.

அன்றைக்கு அதைப் பொருத்துவது சாதாரண வேலை இல்லை. வால்வுகளுக்கு உயர் மின்னழுத்தம் வேண்டும், ஸ்பார்க் பிளக் எழுப்பும் இரைச்சலை அடக்க வேண்டும். செலவு நூறு டாலரைத் தாண்டியது. காரின் விலையோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகை. 1955இல் அமெரிக்காவின் கிரைஸ்லர், முழுக்க டிரான்சிஸ்டரால் ஆன கார் ரேடியோவைக் கொண்டுவந்த பிறகுதான் அந்தச் சுமை குறையத் தொடங்கியது.

நம் பக்கம் அம்பாசடரோ பியட்டோ வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் ரேடியோவைத் தனியாக வாங்கிப் பொருத்திக்கொண்டவர்கள். பொருத்தினால் மட்டும் போதாது. ரேடியோ வைத்திருக்க உரிமம் வேண்டும், தபால் நிலையத்தில் கட்டணம் கட்ட வேண்டும். 1980களின் நடுவில்தான் அந்த வழக்கம் ஒழிந்தது. பாட்டு கேட்க அரசாங்கத்திடம் அனுமதி வாங்கிய தலைமுறை நமக்கு ரொம்பத் தூரத்தில் இல்லை.

அனுமதி கேட்காத பாட்டு கேசட்டில் வந்தது. பிலிப்ஸ் 1963இல் அறிமுகப்படுத்திய அந்தச் சின்னப் பெட்டி, எண்பதுகளில் நம் ஊர் பஸ் ஸ்டாண்டுகள் வரை வந்து சேர்ந்துவிட்டது. ரெக்கார்டிங் சென்டரில் ஒரு காலி கேசட்டும் பாட்டு லிஸ்டும் கொடுத்தால், இரண்டு நாளில் உங்கள் வரிசையில் உங்கள் பாட்டு. இன்று நாம் பிளேலிஸ்ட் என்று சொல்வதை அன்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள்.

கேசட்டுக்கு டெக் வேண்டும், டெக்குக்கு இடம் வேண்டும். இங்கேதான் என் கதாநாயகன் வருகிறான்: டாஷ்போர்டில் 180 மி.மீ. அகலமும் 50 மி.மீ. உயரமும் கொண்ட ஒரு செவ்வக ஓட்டை. ஜெர்மனியின் தர அமைப்பான டின் வகுத்த அளவு அது, பிறகு சர்வதேசத் தரமாகவும் ஆனது. உயரத்தை இரட்டிப்பாக்கினால் அதுதான் நம் கடைக்காரர்கள் சொல்லும் 'டபுள் டின்'. பார்க்க ஒன்றுமில்லாத ஓட்டை. ஆனால் எந்த நாட்டுக் காரிலும் எந்தக் கம்பெனி டெக்கும் உட்காரலாம் என்றானதற்கு அதுதான் காரணம். நிரல் எழுதிப் பிழைக்கும் எனக்கு இது நன்றாகப் புரிகிறது. இடைமுகம் பொதுவாக இருந்தால் சின்னவனும் விளையாடலாம். சென்னை ரிச்சி தெருவிலிருந்து ஊர்ப்புற ஆட்டோ எலெக்ட்ரீஷியன் வரை பல பேர் பிழைத்தது அந்த ஓட்டையை நம்பித்தான்.

அவர்களுக்கு இன்னொரு துணையும் இருந்தது: சான்யோவின் எல்ஏ4440 என்ற ஐ.சி. இரண்டு சேனலுக்கு ஆறாறு வாட், பிரிட்ஜ் செய்தால் 19 வாட். 12 வோல்ட் பேட்டரியில் நேராக ஓடும். '4440 போர்டு' என்று கேட்டால் எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் எடுத்துக் கொடுப்பார்கள். ஆட்டோவிலும் டெம்போவிலும் நாம் கேட்ட எத்தனையோ பாட்டு அதன் வழியாக வந்ததுதான்.

கேட்டில் பட்ட அவமானத்துக்கு மருந்து தேடி நான் போனதும் அப்படி 4440 போர்டில் கை பழகிய ஒருவரிடம்தான். கண்டமங்கலம் பக்கம் சின்னக் கடை. என் பட்ஜெட் எட்டாயிரம். "ஸ்கிரீனை மாத்திடலாமாண்ணே?" என்றேன்.

அவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "இதுல எங்க தம்பி ஓட்டை இருக்கு? ஏசியும் இதுலதான், ரிவர்ஸ் கேமராவும் இதுலதான். இதக் கழட்டினா காரே கோச்சிக்கும்."

உண்மைதான். 180க்கு 50 என்ற பொதுவெளியை என் காரில் மூடிவிட்டிருந்தார்கள். அந்த இடத்தில் காருக்கென்றே வார்த்த திரை. அதற்குப் பின்னால் காரின் மற்றக் கணினிகளோடு பேசிக்கொண்டிருக்கும் கம்பிகள்.

பெருமையை விடாமல், "கம்பெனி செட்டே நாலுக்கு அம்பது வாட்டுண்ணே" என்றேன். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். பேட்டரி 14.4 வோல்ட், ஸ்பீக்கர் 4 ஓம். வர்க்கம் எடுத்து வகுத்தால் 52 வாட். ஆனால் அது சதுர அலைக்கு, அதாவது முழுக்கச் சிதைந்த சத்தத்துக்கு. சிதையாத சைன் அலை என்றால் அதில் பாதி, இழப்புகள் போக இருபது வாட்டை ஒட்டி நிற்கும். இருபதிலிருந்து நாற்பதுக்குப் போனாலும் கிடைப்பது 3 டெசிபல்தான். அதே வாட்டுக்கு 3 டெசிபல் கூடுதலாகப் பாடும் ஸ்பீக்கர் வாங்கினால் ஆம்ப்ளிபையர் செலவே மிச்சம்.

அவர் இந்தக் கணக்கெல்லாம் போடவில்லை. கதவின் உள் அட்டையைக் கழற்றி, விரலால் தட்டினார். 'டங்' என்றது. "ஸ்பீக்கர் வெறும் வாய் தம்பி. கதவுதான் பொட்டி. பொட்டி முழுக்க ஓட்டையா இருந்தா பாட்டு எங்க நிக்கும்?"

ஸ்பீக்கர் முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் இழுக்கும் காற்றும் கதவு ஓட்டைகள் வழியே கலந்தால், தாழ்ந்த சுருதிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். என் பேஸ் கிதார் காணாமல் போனது அங்கேதான். உள் தகட்டின் ஓட்டைகளை பியூட்டைல் ஷீட்டால் மூடினார். கதவின் அடியில் மழைத்தண்ணீர் வடியும் துளைகளை மட்டும் தொடவில்லை, மூடினால் கதவு துருப்பிடிக்கும். பிளைவுட் வளையம் அறுத்து, முன்கதவுகளில் ஆறரை இஞ்ச் ஸ்பீக்கர் ஒரு ஜோடி போட்டார். கம்பெனி ஒயரை வெட்டவில்லை, கப்ளர் போட்டே இணைத்தார். பின் ஸ்பீக்கர்களை அப்படியே விட்டார். "பின்னாடி யாரு தம்பி உக்காரப் போறா?" சப்வூபர் கேட்டதற்கு, "மொதல்ல இதக் கேளு" என்றார். எட்டாயிரத்தில் கொஞ்சம் மிச்சமும் இருந்தது.

கிளம்பும்போது அந்தப் பாட்டைப் போட்டேன். கிதார் எழுந்து நடந்தது. பேருந்து அளவுக்கு இல்லை, ஆனால் நடந்தது.

கடையின் மூலையில் தூசி படிந்த டெக்குகள் அடுக்கியிருந்தன. எல்லாம் 180க்கு 50. "இதெல்லாம் இனிமே யாருக்குண்ணே?" என்றேன்.

"ஓட்டை இருக்கிற வண்டி வந்தா போடுவேன்" என்றார். "உன்னுதுல கதவாச்சும் தொறக்குது."

கதவில் இன்னும் இரண்டு கம்பிதான். யார் செய்த ஸ்பீக்கரானாலும் அவை கேள்வி கேட்பதில்லை. அந்த இரண்டு கம்பிக்கும் ஒரு பூட்டு வரும் நாளில், என் காரில் பாட்டு எப்படி ஒலிக்க வேண்டும் என்பதற்கு நான் மறுபடி அனுமதி கேட்க வேண்டியிருக்கும். தபால் நிலையத்தில் அல்ல, கம்பெனியிடம்.