பருந்தும் படக்கருவியும்

சிலாபக் களப்பின் மேல் செந்நிறச் சிறகும் வெண்தலையுமாகக் கருடன் வட்டமிடக் கண்டால் நம் பெரியோர் நின்று கைகூப்புவர். இன்றைய இளைஞரோ கைத்தொலைபேசியை உயர்த்திப் படமெடுக்கின்றனர். இரண்டும் ஒரே வியப்பின் இரு வடிவங்கள் என்றே நாம் கருதுகின்றோம். ஆயினும் இப்படமெடுக்கும் கலைக்கு ஒரு வரலாறு உண்டு. அதனை அறிந்தோர் கருவியைச் சற்று நிதானத்தோடே உயர்த்துவர்.

வேட்டைப் பறவைகள் முதலில் தூரிகையாலேயே படமாயின. 1752 முதல் 1757 வரை ஒல்லாந்தத் தேசாதிபதியாக இங்கிருந்த லோட்டன், டி பெவெரே என்னும் ஓவியரைக் கொண்டு இலங்கையின் உயிரினங்களை வரைவித்தார். லோட்டனின் சேகரிப்பைத் துணைக்கொண்டு தோமஸ் பெனன்ற் என்னும் ஆங்கிலேயர் 1769இல் நம் நாட்டுச் சிற்றாந்தை ஒன்றை உலகுக்கு அறிவித்தார். அவர் அதற்கு இட்ட விஞ்ஞானப் பெயரில் 'பக்கமூணா' என்ற சொல் இருக்கின்றது. ஆந்தையைக் குறிக்கும் சிங்களச் சொல்லன்றோ அது! இன்றும் நூல்களில் அப்பெயரே நிலைத்துள்ளது.

அடுத்த நூற்றாண்டில் துப்பாக்கி வந்தது. பறவையைச் சுட்டு, தோலை உரித்து, பஞ்சடைத்து, அதனைப் பார்த்து வரைவதே அன்றைய முறை. பீரங்கிப் படை அதிகாரியான லெக் என்பார் 1878 முதல் 1880 வரை வெளியிட்ட இலங்கைப் பறவைகள் பற்றிய பெருநூலில் கூலேமன்ஸ் வரைந்த வண்ணப் படங்கள் இன்றும் கண்ணைக் கவர்வன. ஆனால் ஒரு பறவையை அறிவதற்கு அதன் உயிரே விலையாயிற்று.

அவ்விலையைத் தவிர்த்தது நிழற்படக் கருவி. இங்கிலாந்தில் கேர்ற்றன் சகோதரர் இருவர் 1895இல் முழுதும் நிழற்படங்களாலான பறவைக்கூட்டு நூலொன்றை வெளியிட்டனர். உள்ளே வெறுமையாக்கிய மாட்டுருவத்துக்குள் ஒளிந்திருந்தும் அவர்கள் படமெடுத்தனர் என்றால், அப்பொறுமையை என்னென்பது!

கூரிய நகமுடைய பறவைகளிடம் பொறுமை மட்டும் போதாது, எச்சரிக்கையும் வேண்டும். 1937இல் வேல்ஸ் நாட்டில் ஆந்தைக் கூட்டைப் படமெடுக்கச் சென்ற எரிக் ஹொஸ்கிங், இருளில் தாய் ஆந்தை பாய்ந்து தாக்கியதால் இடக்கண்ணை இழந்தார். கூட்டைக் காத்த தாயைக் குற்றம் சொல்வாருண்டோ? ஹொஸ்கிங் தம் கலையைக் கைவிடவில்லை. 1948இல் இரையோடு பறந்துவந்த கூகையொன்றை அவர் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. 1970இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றுக்கு, பறவைக்காகக் கொடுத்த கண் என்னும் பொருள்படவே பெயரிட்டார்.

நம் நாட்டிலும் பொறுமையின் பெருமைக்குச் சான்று உண்டு. 1995இல் தீபால் வாரகாகொட காட்டிலே இனந்தெரியாத ஒரு குரலைக் கேட்டார். அக்குரலுக்குரிய சிற்றாந்தையைச் சிங்கராச வனத்தில் கண்ணாரக் கண்டது 2001 ஜனவரியிலேதான். 2004இல் அது புதிய இனமென்று விஞ்ஞான உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஓர் ஆந்தையைக் காண ஆறாண்டுகள்!

நம் இளைஞர் தொலைவிற் செல்ல வேண்டியதில்லை. சிலாபத்துக்கு வடக்கே, 2001இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்ட ஆனைவிழுந்தான் குளங்கள் இருக்கின்றன. கடற்கரையிலே வெண்வயிற்றுக் கடற்கழுகு உலவுகின்றது. அங்கே செல்வோரிடம் நாம் வேண்டுவது ஒன்றே: கூட்டை அணுகாதீர். தாய்ப்பறவை அஞ்சி எழுந்தால் முட்டை வெயிலில் வெந்துபோம். குஞ்சைக் காகம் கொத்திச் செல்லும். படம் ஒன்று நமக்குக் கிடைக்கும். பருந்து ஒன்று களப்புக்குக் கிடையாமற் போம். துப்பாக்கி செய்ததையே படக்கருவியும் செய்யுமாயின், இடைப்பட்ட நூற்றாண்டில் நாம் கற்றதுதான் என்ன?

கருடனைக் கண்டு கைகூப்பிய பெரியோர் அதனருகே செல்லவில்லை. நின்ற இடத்திலேயே நின்று வணங்கினர். படமெடுப்போர்க்கும் அதுவே நல்ல முறையாகும்.