ஒரு குரலை எத்தனை பேர் பேசலாம்?

அரேனிஸ் என்ற ஊர்ப்பெயரை ரோமன் எழுத்தில் பின்னாலிருந்து படிச்சுப் பாருங்க. ஒரு எழுத்தை மட்டும் லேசா மாற்றினால் 'சினேரா' வரும். பார்சிலோனாவுக்கு வடகிழக்கே கடலோரமாக இருக்கும் அரேனிஸ் டி மார், கட்டலான் கவிஞர் சல்வடோர் எஸ்ப்ரியுவின் பால்யகால ஊர். அதைத் திருப்பிப் போட்டுத் தன் கற்பனை ஊரை உண்டாக்கிக்கொண்டார். கோடு எழுதுற ஆளுக்கு இது 'ஸ்ட்ரிங் ரிவர்ஸ்'. ஆனா அந்த ஊர் முழுக்க சாவும் நினைவும்தான்.

1965-இல் இயக்குநர் ரிக்கார்ட் சல்வட், எஸ்ப்ரியுவின் கவிதைகளையும் கதைகளையும் நாடகத் துண்டுகளையும் கோர்த்து 'ரோந்தா தெ மோர்ட் அ சினேரா' என்று மேடையேற்றினார். புதுசா ஒரு நாடகத்தை எழுதவைக்காமல் ஏன் இப்படி ஒட்டுப்போடணும்? எனக்குத் தோன்றுவது இதுதான்: பிராங்கோ ஆட்சியில் 1946 வரை கட்டலான் மொழியில் நாடகம் போட அனுமதியே கிடையாது, அதற்கப்புறமும் தணிக்கை. மேடை தவறவிட்ட மொழி காகிதத்தில் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. மேடை அங்கேதானே கடன் கேட்கும்?

கடன் வாங்குவதில் இருக்கும் சிக்கலைப் பார்க்க மெர்சே ரொடொரெடாவின் 'லா ப்ளாசா டெல் டியமான்ட்' (1962) போதும். நாவல் முழுக்க நதாலியா ஒருத்தியின் பேச்சு. கணவன் கிமெட் அவளுக்கு 'கொலொமெட்டா', அதாவது புறாக்குட்டி, என்று பேர் வைக்கிறான். வீடு நிறையப் புறா வளர்க்கிறான். எச்சத்தைச் சுத்தம் பண்ணுவது அவள். அப்புறம் போர், பசி. புலம்பல் கிடையாது, சொல்லிக்கொண்டே போகிறாள், அவ்வளவுதான்.

2007-இல் கட்டலான் தேசிய நாடக அரங்கில் பெனெட் இ ஜொர்னெட்டின் தழுவலை தோனி கசாரெஸ் இயக்கினார். பெரிய மேடை, நிறைய பாத்திரங்கள். அதற்கு மூன்று வருஷம் முன்னாடியே, 2004-இல், ஜுவான் ஒய்யே வேறு வழியில் போயிருந்தார். வெவ்வேறு வயதுடைய மூன்று நடிகைகள், மூவரும் நதாலியா. என் ஓட்டு ஒய்யேவுக்குத்தான். கிமெட்டை நேரில் நடமாட விட்டால் அவன் வெறும் முரட்டுக் கணவன். அவள் வாய்வழி வரும்போதுதான், தன்னை நசுக்குறவனை அவள் எவ்வளவு சாதாரணமா ஏத்துக்கிட்டா என்பது உறைக்குது. நாவலின் வலியே அந்தச் சாதாரணத்தில்தான். உரையாடலாகப் பிரிச்சுக் கொடுத்தால் அது சிந்திப்போகும்.

அப்போ பல குரல் கொண்ட நாவல்னா சுலபமா? இரேனே சொலாவின் 'கந்தோ ஜோ இ லா முந்தானியா பல்லா'வில் (2019) மேகம் பேசும், காளான் பேசும், மான் பேசும், தூக்கிலிடப்பட்ட சூனியக்காரிகள் பேசுவார்கள். 2021-இல் க்ளாவ்டியா செதோ நாடகமாக்க, கியெம் அல்பாவும் ஜுவான் அர்கேயும் இயக்கினார்கள். இடம் கட்டலோனிய நூலகக் கட்டடம். 15ஆம் நூற்றாண்டில் அது சாந்தா க்ரூ மருத்துவமனையாக எழுந்தது. டிராம் மோதிய கௌடியை 1926-இல் கொண்டுவந்து சேர்த்ததும், அவர் இறந்ததும் அங்கேதான். செத்தவர்கள் வந்து பேசும் கதைக்கு அந்தச் சுவர்களே பாதி வேலையை முடிச்சிருக்கும்.