தகட்டின் மேல் ஒரு தேதி

கொடைக்கானலுக்குச் செல்வோரில் பலர் ஏரியைச் சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். அதற்கும் மேலே, ஏறத்தாழ 2,340 மீட்டர் உயரத்தில் நிற்கும் சூரிய ஆய்வகம் 1899இல் பணி தொடங்கியது. சூரியக் கரும்புள்ளிகளின் ஓரநிழலில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909 ஜனவரி 5 அன்று அங்குதான் கண்டார்.

நாம் இங்கே பேச விழைவது அக்கண்டுபிடிப்பைப் பற்றியன்று. ஆய்வகத்தின் படத்தகடுகளைப் பற்றி. 1904 முதல் வானம் தெளிந்த நாள்களிலெல்லாம் எடுக்கப்பட்ட சூரியப் படங்கள் இன்று கணினியில் ஏறியுள்ளன. அவற்றைத் தேடித் தருவது தேதி ஒன்றே. '05.01.1909' என்பதை வெறும் எழுத்துத் தொடராகத் தரவுத்தளத்தில் இட்டால், வரிசைப்படுத்தும்போது அதனருகே 05.01.1910 வந்து நிற்கும். அமெரிக்க வழக்கில் படிக்கும் நிரலோ அதனை மே முதல் நாளாக்கிவிடும்.

நேரத்தின் சிக்கல் இதனினும் நுட்பமானது. கால்சியம் ஒளிப் படங்களுக்காகச் சூரிய ஒளியைத் திருப்பித் தந்த சுழலாடி, பொழுது நகர நகரப் பிம்பத்தையும் சுழற்றிவிடும். ஆகவே நேரம் பிழைத்தால் சூரியனின் வடதுருவமே இடம்மாறித் தோன்றும். இந்தியப் பொதுநேரம் வந்ததே 1906இல்தான். போர்க்காலத்தில், 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை, நாட்டின் கடிகாரங்கள் ஒரு மணி முன்னே ஓடின. எல்லா ஆண்டுகளுக்கும் ஐந்தரை மணியைக் கழித்துக்கொள்ளும் வினவல் இதனை அறியாது.

வானியலார் கைக்கொள்வது ஜூலியன் நாளெண். மாதமுமில்லை, ஆண்டுமில்லை, கி.மு. 4713இலிருந்து நாள்களின் தொடர் எண்ணிக்கை மட்டுமே. அந்நாள் உலகப் பொதுநேர நண்பகலில், அதாவது நமக்கு மாலை 5.30க்கு, தொடங்குகிறது. இது நமக்கு வாய்த்த நற்பேறு என்றே சொல்ல வேண்டும்: கொடைக்கானலின் பகல் முழுவதும் பெரும்பாலும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடுகிறது. எவர்ஷெட்டின் அந்தக் காலை 24,18,311. அதன் நூற்றாண்டு நாளின் காலை 24,54,836. கழித்தால் 36,525 நாள்கள். இடையே வந்த லீப் நாள்கள் இருபத்தைந்தையும் நாம் தனியே எண்ண வேண்டியதில்லை.

தமிழ் படித்தவர்க்கு இம்முறை புதிதன்று. ஆய் மன்னன் கருநந்தடக்கனின் பார்த்திவபுரச் செப்பேடு தன் காலத்தைக் கலி நாள் 14,49,087 என்றே குறிக்கிறது. அது கி.பி. 866இன் நடுப்பகுதி. அதே கணக்கில், எவர்ஷெட்டின் நாள் விடியும்போது கழிந்திருந்த கலி நாள்கள் 18,29,846.