தோலில் தெரியும் சேதி

திருத்தணி முருகன் கோயிலுக்குச் செல்லும் படிகள் 365; ஆண்டின் நாள்களைக் குறிப்பன என்பர். அவற்றில் ஏறுவோருக்கு மூச்சு வாங்குவது இயல்பே; சற்று அமர்ந்தால் அடங்கிவிடும். ஆனால் படுத்தால் மூச்சு சீராகி, எழுந்து நின்றால் திணறும் ஒரு நோய் உண்டு. இதயம் தளர்ந்தவர்களிடம் காண்பதற்கு இது நேர்மாறு. இந்நோயின் வேர் கல்லீரலில், கேடு நுரையீரலில், அடையாளமோ தோலில்! இம்மூன்றையும் மருத்துவ உலகம் இணைத்துக் காண ஏறத்தாழ நூறாண்டுகள் ஆயின.

நாட்பட்ட கல்லீரல் நோயாளிகளின் முகம், கழுத்து, மேல்மார்பு, கைகள் ஆகிய இடங்களில் சிறு சிவப்புப் புள்ளிகள் தோன்றுவதுண்டு. நடுப்புள்ளியிலிருந்து சிலந்திக் கால்கள்போல மெல்லிய இழைகள் பரவும். நடுவில் அழுத்தினால் சிவப்பு மறையும். விரலை எடுத்தால் உள்ளிருந்து வெளிநோக்கி மீண்டும் குருதி பாயும். விரிந்துபோன நுண்ணிய குருதிக் குழாய்களே இச்'சிலந்திப் புள்ளிகள்'. அமெரிக்க மருத்துவர் வில்லியம் பீன் இவற்றைப் பல்லாண்டு ஆராய்ந்து 1958இல் ஒரு நூலே வெளியிட்டார்.

நுரையீரலின் கதை 1884இல் தொடங்குகிறது. கல்லீரல் கெட்டுச் சுருங்கிய ஒரு பெண்ணிடம், நீலம் பாய்ந்த தோலையும் முரசுக்கோல்போல நுனி பருத்த விரல்களையும் கண்டு ஃபுளூக்கிகர் என்ற மருத்துவர் எழுதி வைத்தார். காரணம் விளங்கவில்லை. 1956இல் ரைடெல், ஹாஃப்பவர் என்னும் அமெரிக்க மருத்துவர்கள், கல்லீரல் நோயால் இறந்த ஓர் இளைஞரின் நுரையீரலில் தமனிக்கும் சிரைக்கும் இடையே குறுக்கு வழிகளைக் கண்டனர். 1966இல் பெர்த்தெலோ, ஷீலா ஷெர்லாக் முதலியோர், இத்தகையோரின் நுரையீரல் நாளங்கள் விரிந்திருப்பதையும், நுரையீரல் உறையிலேயே சிலந்திப் புள்ளிகள் இருப்பதையும் காட்டினர். தோலில் கண்டது உள்ளேயும் இருந்தது! 1977இல் கென்னடி, நட்சன் ஆகியோர் இதற்குக் 'கல்லீரல்-நுரையீரல் நோய்த்தொகுதி' என்ற பொருள்படப் பெயரிட்டனர்.

நடப்பது என்ன? நுரையீரல் தந்துகிகளின் இயல்பான அகலம் 8 முதல் 15 மைக்ரான். சிவப்பணுக்கள் ஏறத்தாழ ஒற்றை வரிசையாகச் சென்று ஆக்சிஜனைப் பெறுகின்றன. இந்நோயில் தந்துகிகள் 100 மைக்ரான் வரையிலும் அதற்கு மேலும் விரியலாம். அப்போது அணுக்கள் கூட்டமாக விரைகின்றன. நடுவில் செல்பவற்றுக்கு ஆக்சிஜன் போதிய அளவு எட்டுவதில்லை. நாளங்களை விரிப்பதில் நைட்ரிக் ஆக்சைடுக்குப் பெரும் பங்குண்டு. நிற்கும்போது குருதி நுரையீரலின் அடிப்பகுதிக்கு மிகுதியாக இறங்குகிறது. விரிவு மிகுந்த இடமும் அதுவே. ஆகவேதான் நின்றால் திணறல்.

ஒரு காலத்தில் இந்நிலை கல்லீரல் மாற்று அறுவைக்குத் தடையாகக் கருதப்பட்டது. புதிய கல்லீரல் பொருத்தியபின் நுரையீரலும் தேறுவதைக் கண்டதும் எண்ணம் தலைகீழாயிற்று. இன்று அறுவையே உறுதியான தீர்வு. இந்தியாவில் அத்துறையின் முதல் வெற்றி 1998 நவம்பரில் டெல்லியில் கிட்டியது. தந்தையின் கல்லீரல் பகுதியைப் பெற்றது, திருத்தணிக்கு அண்மையிலுள்ள காஞ்சிபுரத்தைச் சேர்ந்த 20 மாதக் குழந்தை. பிறவியிலேயே பித்தநாளம் அடைபட்டிருந்த குழந்தை அது.

சிலந்திப் புள்ளிகளைக் கண்டு எவரும் அஞ்ச வேண்டியதில்லை. கருவுற்ற பெண்களுக்கும் நலமான சிறுவர்களுக்கும் அவை வரலாம். கறுத்த தோலில் அவை எளிதில் புலப்படாமலும் போகலாம். ஆனால் கல்லீரல் நோயாளிக்கு இப்புள்ளிகளுடன் விரல்நுனிப் பருமனும் மூச்சுத் திணறலும் சேர்ந்தால், குருதியின் ஆக்சிஜனைப் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் அளந்து பார்ப்பது மருத்துவர் கடமை. உரிய காலத்தில் அளந்தால் உயிரைக் காக்க வழியுண்டு.