வில்லங்கம் பார்க்க எவ்வளவு ஆகும்? - ஒரு சின்ன வரலாறு

சிங்கப்பெருமாள் கோவில் டீக்கடைகளில் ரெண்டு பேர் தலையைக் குனிஞ்சு ஒரு தாளை உத்து உத்துப் பார்த்துட்டு இருந்தா அது ஒண்ணு ஜாதகமா இருக்கும், இல்லைன்னா ஈ.சி.யா இருக்கும் :-) ஈ.சி.ன்னா வில்லங்கச் சான்று. ஒரு சர்வே நம்பர்ல இருக்கிற நிலத்தை யார் யாருக்கு வித்தாங்க, எங்க அடமானம் வெச்சாங்க, எப்ப பாகம் பிரிச்சாங்கன்னு வரிசையா சொல்ற காகிதம். பதிவு இருந்தா படிவம் 15, ஒண்ணும் இல்லைன்னா படிவம் 16.

எங்க ஊர் பக்கம் இந்தக் காகிதத்துக்கு இருக்கிற மரியாதை வேற எந்தக் காகிதத்துக்கும் கிடையாது. ஒரு பக்கம் மறைமலைநகர், இன்னொரு பக்கம் மகேந்திரா வேர்ல்டு சிட்டி, ரயில்வே கேட்டைத் தாண்டிப் போனா ஒரகடம், அப்படியே ஸ்ரீபெரும்புதூர். 1990-களின் நடுவில் ஃபோர்டு வந்தது, 2010-ல் ரெனோ நிசான் வந்தது. கம்பெனி வந்த வேகத்துல ஏரிப் பாசன நிலமெல்லாம் "நகர்" ஆச்சு. தர்மபுரியில இருந்தும் விழுப்புரத்துல இருந்தும் வேலைக்கு வந்தவங்க ஓவர்டைம் பணத்தைச் சேர்த்து வெச்சு அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டுன்னு வாங்கினாங்க. அவங்களுக்கும் ஏமாற்றத்துக்கும் நடுவுல நிக்கிறது பெரும்பாலும் இந்த ஒரு காகிதம்தான். அதனால, இதைப் பார்க்க எவ்வளவு செலவு, யார் பார்க்கலாம், இது எப்படி எல்லாம் மாறி வந்திருக்குன்னு கொஞ்சம் திரும்பிப் பார்க்கலாம்னு தோணுச்சு.

ஓலையில் இருந்த காலம்

செங்கல்பட்டு சீமைக்கு ஆவணத்துக்குப் பஞ்சமே இருந்ததில்லை. 1767-ல் இருந்து 1774 வரை தாமஸ் பர்னார்டுன்னு ஒரு இன்ஜினீயர் செங்கல்பட்டு ஜாகீர்ல சுமார் 2000 கிராமங்களை கம்பெனிக்காக அளந்து கணக்கெடுத்தார். ஏரி எத்தனை, நஞ்சை எவ்வளவு, வீடு எத்தனை, யாருக்கு எவ்வளவு பங்கு எல்லாம் அதுல வரும். அந்தக் கணக்குக்கு அடிப்படை ஊர்க் கணக்குப்பிள்ளைகள் வெச்சிருந்த ஓலைகள். அந்த ஓலைகளில் ஒரு பகுதி இன்னிக்கும் தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்துல இருக்கு.

ஆனா ஆவணம் இருக்கிறது வேற, அதை நாம பார்க்க முடியறது வேற. கம்பெனி எடுத்த கணக்கு வரி வாங்கறதுக்கு. ஊர்ல இருந்த கணக்கு கணக்குப்பிள்ளை வீட்டுப் பரண்ல. உங்க நிலத்தோட விவரம் வேணும்னா அவர் மனசு வெக்கணும். கட்டணம்னு எழுதி ஒட்டியிருக்காது, அதுக்காக இலவசம்னும் சொல்ல முடியாது. எங்க தாத்தா காலத்துப் பெரியவங்க "கணக்கப்பிள்ளைய பாத்துட்டு வா"ன்னு சொன்னா வெறுங்கையோட பாத்துட்டு வர்றதுன்னு அர்த்தம் இல்லை! பரம்பரையா வந்த அந்த கர்ணம், மணியம் பதவிகளை 1980 நவம்பர்ல எம்.ஜி.ஆர். அரசு ஒழிச்ச பிறகுதான் வி.ஏ.ஓ.க்கள் வந்தாங்க.

யார் வேணும்னாலும் பார்க்கலாம்னு ஒரு சட்டம்

பத்திரப் பதிவு தனிக்கதை. 1864-ல் வந்த சட்டம்தான் இந்தியாவுல குறிப்பிட்ட நில ஆவணங்களைக் கட்டாயம் பதியணும்னு ஆக்கிச்சு. அப்புறம் 1866, 1871, 1877-ன்னு மாத்தி மாத்தி எழுதி, கடைசியா 1908-ஆம் வருஷப் பதிவுச் சட்டம் வந்து நின்னுச்சு. 1909 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்த அந்தச் சட்டத்தை வெச்சுத்தான் நூறு வருஷத்துக்கு மேல வண்டி ஓடுது.

இந்தச் சட்டத்தோட 57-வது பிரிவை ஒரு தடவை எல்லாரும் படிக்கணும்ங்க. புத்தகம் 1, புத்தகம் 2, புத்தகம் 1-க்கான அட்டவணைகள், இதெல்லாம் கட்டணம் கட்டி விண்ணப்பிக்கிற எந்த நபரும் பார்க்கத் திறந்தே இருக்கணும்னு அது சொல்லுது. "எந்த நபரும்". நிலத்துக்குச் சொந்தக்காரரா இருக்கணும்னு இல்லை. ஏன் கேக்கறேன்னு காரணம் சொல்லணும்னும் இல்லை. புத்தகம் 1-ல் தான் விற்பனை, அடமானம், தானம், பாகப்பிரிவினைன்னு நிலம் சம்பந்தமான பத்திரங்கள் இருக்கும். உயில் இருக்கிற புத்தகம் 3-க்கும், இதர ஆவணங்கள் இருக்கிற புத்தகம் 4-க்கும் மட்டும் கதவு பாதி சாத்தியிருக்கும். அதுல நகல் வாங்க சம்பந்தப்பட்டவங்களா இருக்கணும் (உயில் எழுதினவர் இறந்துட்டா அப்புறம் யாரும் கேட்கலாம்).

இதுல ஒரு வேடிக்கை. இந்தச் சட்டத்தை நமக்கு எழுதிக் கொடுத்த ஆங்கிலேயர்கள் அவங்க ஊர்ல என்ன செஞ்சாங்க தெரியுமா? இங்கிலாந்தின் நிலப் பதிவகம் 1862-ல் ஆரம்பிச்சது. அங்க ஒரு வீடு யார் பேர்ல இருக்குன்னு பொதுமக்கள் சொந்தக்காரர் அனுமதி இல்லாம பார்க்க முடிஞ்சது 1990 டிசம்பர் 3-ல் இருந்துதான்! அவங்க ஊர் பிரபுக்களுக்கு ஒரு நியாயம், செங்கல்பட்டு மிராசுதாருக்கு ஒரு நியாயம். அங்கேயும் கட்டணம் சும்மா இல்லை. ஒரு பதிவை இணையத்துல எடுக்க 3 பவுண்டா இருந்ததை 2024 டிசம்பர்ல 7 பவுண்டா ஏத்திட்டாங்க.

தெரியாதுன்னு சொல்ல முடியாது

சரி, பார்க்கலாம்னு சட்டம் சொல்லுது, பார்க்கலைன்னா என்ன? இங்கதான் மேட்டரே இருக்கு. சொத்து மாற்றுச் சட்டத்துல 1929-ல் ஒரு திருத்தம் வந்துச்சு. பதிவு செஞ்சே ஆகவேண்டிய ஒரு பத்திரம் முறைப்படி பதிவாகிட்டா, அதுக்கப்புறம் அந்த நிலத்தை வாங்கற எல்லாருக்கும் அது தெரியும்னே சட்டம் எடுத்துக்கும். நீங்க போய்ப் பார்த்தீங்களா இல்லையாங்கறது பிரச்சினையே இல்லை. "எனக்குத் தெரியாதுங்க ஐயா"ன்னு கோர்ட்ல அழுதாலும் கதை ஆகாது.

யோசிச்சுப் பாருங்க. உனக்குத் தெரியும்னு அரசாங்கம் அடிச்சுச் சொல்லணும்னா, தெரிஞ்சுக்கற வழி சுலபமா இருக்கணுமில்லையா? தேடுறதுக்குக் கட்டணம் ஜாஸ்தியா இருந்தாலோ, ஆபீஸுக்குப் பத்து நடை நடக்கணும்னாலோ, அந்தச் சட்டம் ஏழைக்கு ஒரு மாதிரியும் புரோக்கருக்கு ஒரு மாதிரியும்தான் வேலை செய்யும்.

கையால தேடின காலத்துல அப்படித்தான் இருந்துச்சு. மனு கொடுக்கணும், குமாஸ்தா தடித் தடியான அட்டவணைப் புத்தகத்தைப் புரட்டி, ஊர் வாரியா, சர்வே நம்பர் வாரியா பார்த்து கையால எழுதித் தரணும். நாள் கணக்குல ஆகும், சில சமயம் வாரக்கணக்குல. பத்திர எழுத்தர் மூலமா போனாத்தான் நகரும்னு ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை (அனுபவம்னும் சொல்லலாம்). அதிகாரபூர்வக் கட்டணத்தை விட மத்த செலவுதான் ஜாஸ்தி.

76 ரூபாயும் 161 ரூபாயும்

அதிகாரபூர்வக் கட்டணம் எவ்வளவுன்னு கேட்டா சிரிப்பீங்க. தமிழ்நாட்டுல பல வருஷமா இருந்த கணக்கு இது: மனுவுக்கு 1 ரூபாய், தேடுற முதல் வருஷத்துக்கு 15 ரூபாய், அதுக்கு மேல ஒவ்வொரு வருஷத்துக்கும் 5 ரூபாய். கம்ப்யூட்டர் வந்தப்புறம் அதுக்கு ஒரு கட்டணம் மேல சேர்ந்துச்சு. அதை விட்டுட்டு தேடுற கூலியை மட்டும் பார்த்தா, 13 வருஷத்துக்கு 76 ரூபாய். 30 வருஷத்துக்கு 161 ரூபாய்.

ஏன் 13, ஏன் 30? ஒரு நிலத்தை எதிரிடையா அனுபவிச்சா 12 வருஷத்துல உரிமையாளர் வழக்குப் போடுற உரிமை போயிடும், அதுக்கு மேல ஒண்ணு சேர்த்து 13-ன்னு ஒரு வழக்கம். அடமானத்தை மீட்க 1963 காலவரையறைச் சட்டப்படி 30 வருஷம். அதனாலதான் விவரம் தெரிஞ்ச வக்கீல் 30 வருஷத்துக்குக் குறைஞ்சு பார்க்கவே மாட்டார்.

என் நண்பர் ஒருத்தர், ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில ஷிப்ட் வேலை. மனை பார்த்தார். விக்கிறவங்களே 13 வருஷ ஈ.சி. போட்டுக் கையில கொடுத்துட்டாங்க, சுத்தமா இருந்துச்சு. அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி அவரோட மாமனார், கிராமத்து மனுஷன், பெரிசா படிப்பு இல்லை, "மாப்ளே, முப்பது வருஷத்துக்குப் போடுங்க"ன்னு ஒத்தக்கால்ல நின்னார். போட்டா, 1990-கள்ல ஒரு அடமானம். அதை அடைச்சதுக்கான ரசீது பதிவாகவே இல்லை. பணம் கட்டி முடிஞ்சிருக்கலாம், முடியாமலும் இருக்கலாம். நண்பர் கும்பிடு போட்டுட்டு வந்துட்டார். 161-ல் 76 போனா 85 ரூபாய். ஒரு மனுஷனோட எட்டு வருஷ சேமிப்பைக் காப்பாத்தினது அந்த 85 ரூபாய்!

இதே இடத்துல இன்னொரு கணக்கையும் பார்த்துடுவோம். 2023 ஜூலை 10-ல் பதிவுத்துறை சுமார் 20 சேவைகளுக்குக் கட்டணத்தை மாத்திச்சு. அதுல ரசீது ஆவணம் பதியற கட்டணம் 20 ரூபாயில இருந்து 200 ஆச்சு. அடமானத்தை அடைச்ச ரசீதும் இந்த வகைதான். இருபது ரூபாயா இருக்கும்போதே பதியாம விட்ட ஜனங்க நாம. தேடுறவன் செலவு குறைவா இருந்தா மட்டும் போதாது, பதியறவன் செலவும் சேர்ந்துதான் அந்தப் புத்தகம் எவ்வளவு முழுசா இருக்கும்னு முடிவு பண்ணுது.

வீட்டுக்கே வந்த புத்தகம்

2000-ல் ஸ்டார் திட்டம்னு பதிவு அலுவலகங்களுக்குக் கம்ப்யூட்டர் வர ஆரம்பிச்சது. 1987-ல் இருந்து அட்டவணையை எல்லாம் உள்ள ஏத்தினாங்க. அப்புறம் இணையத்துல இலவசமா ஈ.சி. பார்க்கற வசதி வந்துச்சு. 2018 பிப்ரவரி 12-ல் ஸ்டார் 2.0. அதுக்கப்புறம் 1975 வரைக்கும் பின்னாடி போய்ப் பார்க்கலாம்னு ஆச்சு. பார்க்கக் கட்டணம் இல்லை. கையெழுத்தோட சான்று வேணும்னா மட்டும் கட்டணம்.

என்னைக் கேட்டா, நம்ம ஊர்ல கணினி செஞ்ச பெரிய காரியங்கள்ல இதுவும் ஒண்ணு. ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு பஸ்ல வர்ற பையன் போன்லயே கிராமம், சர்வே நம்பர் போட்டுப் பார்த்துடறான். முன்னாடி எல்லாம் இந்த விவரம் கையில இருந்த புரோக்கருக்குத்தான் பலம். 1908 சட்டம் சொன்ன "எந்த நபரும்" நிஜமாவே எந்த நபரும் ஆக நூறு வருஷத்துக்கு மேல ஆகியிருக்கு.

அதுக்காக அது சொல்றதை அப்படியே வேதவாக்கா எடுத்துக்கக் கூடாது. நாலு விஷயம் ஞாபகம் வெச்சுக்கோங்க:

1. பொது அதிகாரப் பத்திரங்கள் (பவர்) முன்னாடி எல்லாம் புத்தகம் 4-ல் போயிடும், ஈ.சி.யில் வராது. 2009-ல் இருந்துதான் நிலம் சம்பந்தமான பவர் புத்தகம் 1-க்கு வந்துச்சு. பழைய பவரை வெச்சு நடந்த விற்பனைன்னா கூடுதல் கவனம் வேணும்.

2. 2012-ல் வந்த தமிழ்நாட்டுத் திருத்தத்துக்கு அப்புறம்தான் விற்பனை ஒப்பந்தத்தைக் கட்டாயம் பதியணும். அதுக்கு முந்தின ஒப்பந்தங்கள் வெறும் முத்திரைத்தாள்ல எங்கயோ தூங்கும்.

3. பதியாத உயில், வாய்மொழிப் பாகம், கோர்ட்ல நடக்கற வழக்கு எதுவும் இதுல தெரியணும்னு இல்லை.

4. உட்பிரிவு நம்பர் மாறியிருந்தா பழைய நம்பருக்கும் புது நம்பருக்கும் தனித்தனியா போடணும். கிராமம் ஒரு சார்பதிவகத்துல இருந்து இன்னொண்ணுக்கு மாறியிருந்தா பழைய ஆபீஸ்லயும் தேடணும்.

"எதுக்குங்க இதெல்லாம், பத்து ரூபாய்க்கு தகவல் உரிமைச் சட்டத்துல மனு போட்டா நகல் வராதா?"ன்னு கேட்கறவங்க உண்டு. அதுல தமிழ்நாட்டுக்குப் பெருமையும் இருக்கு. 2005-ல் மத்தியச் சட்டம் வர்றதுக்கு முன்னாடியே 1997-ல் தனியா ஒரு தகவல் உரிமைச் சட்டம் போட்ட மாநிலம் இது. ஆனா நகல் கொடுக்க வேற சட்டத்துல தனி வழி இருந்தா அந்த வழியாத்தான் போகணும்னு, 2020 மார்ச்சில் குஜராத் உயர் நீதிமன்ற ஆவணங்கள் பற்றின வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. கோர்ட் ஆவணத்துக்குச் சொன்னதுன்னாலும், அந்த வாதத்தை மத்த ஆபீஸ்களும் கையில எடுக்கும்.

இன்னொரு பக்கமும் இருக்கு, அதையும் சொல்லணும். இவ்வளவு திறந்து வெச்சா, பக்கத்து வீட்டுக்காரர் எங்க கடன் வாங்கினார்னு நானும் பார்க்கலாம், அவரும் என்னைப் பார்க்கலாம். 2017-ல் அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியாச்சு. "தனிப்பட்ட விவரம்"னு சொல்லி நாளைக்கு இந்தப் புத்தகத்தையும் கொஞ்சம் மூடலாமேன்னு ஒரு யோசனை கிளம்பலாம். அப்ப நாம கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: பதிவானது எல்லாருக்கும் தெரியும்ங்கற அந்த 1929 திருத்தத்தையும் சேர்த்து மூடுவீங்களா? அதை வெச்சுக்கிட்டு இதை மட்டும் மூடினா, தெரியாத விஷயத்துக்குத் தண்டனை வாங்கப் போறது எங்க ஊர்ல அரை கிரவுண்டு வாங்கற ஆள்தான்.

அதுவரைக்கும் ஒரு வேண்டுகோள். விக்கிறவங்க கொடுக்கற ஈ.சி.யை வாங்கிப் பையில வெச்சுக்கோங்க, நன்றி சொல்லுங்க. அப்புறம் நீங்களே உங்க கையால 30 வருஷத்துக்கு ஒரு தடவை போடுங்க. அந்தச் சட்டம் "எந்த நபரும்"னு சொன்னது உங்களைத்தான்.